படம் எல்லோருக்கும், மூச்சு அவரவருக்கு

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் மூன்றாவது வார இறுதி. அமெரிக்காவில் அந்த மூன்று நாளில் அதிக வசூல் செய்த படம் எது தெரியுமா, குழந்தைகளே? 'ஜுராசிக் பார்க்'! 1993இல் வெளிவந்த டைனோசர் படம். உங்கள் அப்பா அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துப் படம். 27 வருஷம் கழித்து அது எப்படி மறுபடி முதலிடத்துக்கு வந்தது?

அது கொரோனா கோடை. ஊர் ஊராகத் தியேட்டர்களைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய தியேட்டருக்குப் புதுப்படம் எதற்கு என்று பெரிய கம்பெனிகள் தங்கள் படங்களை வெளியிடாமல் தள்ளிவைத்தன. ஆனால் ஒரே ஒரு வகைத் தியேட்டர் மட்டும் பல ஊர்களில் திறந்திருந்தது. அதற்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது, நாற்காலி கிடையாது. பெரிய மைதானம், அதன் ஒரு முனையில் வானத்தை மறைக்கிற மாதிரி ஒரு வெள்ளைத் திரை. அவ்வளவுதான். காரை ஓட்டிக்கொண்டு நேரே உள்ளே போக வேண்டும், வரிசையில் நிறுத்த வேண்டும், காருக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். இதுதான் டிரைவ்-இன் தியேட்டர். புதுப்படம் இல்லாததால் அங்கே பழைய படங்களைப் போட்டார்கள். டைனோசர் திரும்பி வந்த கதை இதுதான்.

அந்தக் கோடையில் அமெரிக்கப் பிள்ளைகளின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச்சிலேயே பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கோடை முகாம் இல்லை, நீச்சல் குளம் இல்லை, நண்பன் வீட்டுக்குப் போகவும் தடை. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரு சாயங்காலம், "போர்வையை எடுத்துக்கோ, தலையணையை எடுத்துக்கோ, படத்துக்குப் போகிறோம்" என்று அப்பா காரில் ஏற்றினால் எப்படி இருந்திருக்கும்! வாசலில் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் போனைக் காட்டினால் போதும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டார்கள். கழிவறைக்குப் போகக் காரிலிருந்து இறங்கினால் முகக்கவசம் கட்டாயம். பாப்கார்னை போனிலேயே சொல்லி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல இடங்களில் செய்திருந்தார்கள்.

ஒரு சினிமா தியேட்டரில் நாம் மூன்று விஷயங்களைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்: வெளிச்சம், சத்தம், காற்று. முதல் இரண்டுக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறோம். மூன்றாவது நாம் கேட்காமலே கூட வருகிறது. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் விட்ட மூச்சை நானும், நான் விட்டதைப் பின்னால் இருப்பவரும் உள்ளே இழுக்கிறோம். டிரைவ்-இன் தியேட்டரில் இந்த மூன்றாவது பங்கு மட்டும் அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது. இதை யாரும் கொரோனாவுக்காகத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வேறு வேறு சிக்கல்களைத் தீர்க்கப் போய், 87 வருஷத்தில் படிப்படியாக இப்படி அமைந்தது.

வீட்டு வாசலில் ஒரு சோதனைச்சாலை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர் இருந்தார். கார்ப் பராமரிப்புப் பொருள்கள் தயாரிக்கும் அப்பாவின் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடுமையான பண நெருக்கடி. அப்போதும் மக்கள் காரையும் சினிமாவையும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தார் அவர்.

யோசித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தன் காரின் பானெட் மேல் ஒரு புரொஜெக்டரை வைத்தார். எதிரே இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணியை ஆணியடித்துக் கட்டினார். துணிக்குப் பின்னால் ஒரு ரேடியோவை வைத்து, சத்தம் எப்படிக் கேட்கிறது என்று கார்க் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். மழை பெய்தால்? புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பிவிட்டார். உள்ளே உட்கார்ந்து, நனைந்த கண்ணாடி வழியாகப் படம் தெரிகிறதா என்று பார்த்தார்.

அடுத்து வந்ததுதான் பெரிய சிக்கல். முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காரை மறைக்குமே! முன் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து, எவ்வளவு உயர்த்தினால் முன் காரின் கூரைக்கு மேலாகப் பார்வை போகும் என்று அளந்தார். கட்டையின் இடத்தைப் பிறகு மண்மேடு பிடித்தது. மைதானம் முழுக்க, திரையைச் சுற்றி வளைவு வளைவாக மேடுகள். ஒவ்வொரு காரும் மேட்டின் மேல் முன் சக்கரங்களை ஏற்றி, மூக்கைக் கொஞ்சம் தூக்கியபடி நிற்கும். நீங்கள் கணக்குப் புத்தகத்தில் படிக்கிற கோணம்தான் இது. இந்த அமைப்புக்கு 1933 மே 16ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜூன் 6ஆம் தேதி கேம்டன் நகரத்துக்குப் பக்கத்தில் முதல் டிரைவ்-இன் திறந்தது. ஏறக்குறைய 400 கார்கள் நிற்கலாம். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் கிடையாது.

இருட்டு எப்போது வரும்?

கூரை இல்லாத தியேட்டருக்கு இருட்டை வானம்தான் தர வேண்டும். ஏன் அவ்வளவு இருட்டு தேவை என்று கேட்கிறீர்களா? ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். சினிமாத் திரை வெள்ளை. அப்படியானால் படத்தில் வரும் கறுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? புரொஜெக்டரால் கறுப்பு வெளிச்சத்தை அனுப்ப முடியாது. அப்படி ஒரு வெளிச்சமே கிடையாது. திரையில் எந்த இடத்துக்கு அது வெளிச்சம் அனுப்பவில்லையோ அந்த இடம்தான் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அந்த இடத்தில் வானத்து வெளிச்சம் விழுந்துவிட்டால் கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெள்ளையாகும், கடைசியில் படமே கரைந்துபோகும்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? 20 மீட்டர் அகலமும் 9 மீட்டர் உயரமும் உள்ள ஒரு திரை. பரப்பளவு 180 சதுர மீட்டர். புரொஜெக்டர் 20,000 லூமென் வெளிச்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஆக, இந்தத் திரையில் விழுவது 110 லக்ஸ் போல. நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு! சூரியன் மறையும் நேரத்தில்கூட வெளியே சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல இருட்டு கவிந்தபின், முழு நிலவு காய்ந்தாலும் கால் லக்ஸ் அளவுதான். நிலாவால் படம் கெடாது, அந்தி வெளிச்சத்தால் கெடும்.

சூரியன் மறைந்தபின் ஏன் உடனே இருட்டாவதில்லை? தரையில் இருக்கும் நமக்குத்தான் சூரியன் மறைந்திருக்கிறது. நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றின் மேல் அதன் கதிர்கள் இன்னும் பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் காற்று வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதால் சீக்கிரம் இருட்டிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா போன்ற வடக்குப் பகுதிகளில் அது சாய்வாக இறங்குகிறது, அந்தி நீள்கிறது. அதோடு, அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைப்பார்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு எட்டரை ஆகிவிடும். படம் தொடங்க ஒன்பது, ஒன்பதேகால். அதற்குள் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும்! இந்தக் கடிகாரத் திருப்பத்தை அந்நாளில் டிரைவ்-இன் முதலாளிகள் பலமாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்தங்கிய சத்தம்

வெளிச்சத்தைவிடச் சத்தம்தான் அதிகம் பாடுபடுத்தியது. முதல் தியேட்டரில் திரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஸ்பீக்கர்களை வைத்தார்கள். செய்து தந்தது அதே கேம்டனில் இருந்த ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால் முதல் வரிசைக்காரர்களுக்குக் காது வலித்தது. தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் செறிவு கால் பங்காகக் குறைந்துவிடும் என்பதுதான் காரணம். சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்களுக்கோ தினமும் ராத்திரி படத்தின் வசனம் வீட்டுக்குள் வந்தது. புகார் சொன்னார்கள்.

இன்னொரு கோளாறும் இருந்தது. ஒளி ஒரு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு கார் நிற்கிறது என்றால், படம் அங்கே உடனே தெரிந்துவிடும். சத்தமோ ஏறக்குறைய 0.3 நொடி தாமதமாக வரும். அது என்ன பெரிய தாமதம் என்று நினைக்காதீர்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. 0.3 நொடிக்குள் ஏழு சட்டங்கள் போய்விடும். கதாநாயகி பேசி முடித்து வாயை மூடியபின் கடைசிச் சொல் வந்து சேரும். நம் மூளை இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும், எரிச்சல்படும்.

1941இல் ஆர்.சி.ஏ. ஒரு வழி கண்டது. ஒவ்வொரு காருக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கர்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது எல்லா இடத்துக்கும் பரவியது. இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு கம்பம், அதில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்றை எடுத்து நம் கார்க் கண்ணாடியின் விளிம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே ஒரு திருகு. கம்பி வழியாக மின்சாரமாக வருவதால் தாமதம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்களின் புகாரும் போயிற்று. ஆனால் மாட்டுவதற்காகக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் அந்த இடுக்கு வழியாகக் கொசு வந்தது, சாரல் வந்தது. படம் முடிந்ததும் ஸ்பீக்கரைக் கழற்ற மறந்து, கம்பியை அறுத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவது அடிக்கடி நடந்தது.

இப்போது இன்னொரு ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். நிலவுக்குப் போனவர் இல்லை, இவர் ரேடியோ விஞ்ஞானி. அந்நாளில் ரேடியோ என்றால் இரைச்சல். எங்கோ மின்னல் வெட்டினால் இங்கே கரகர என்று கேட்கும். அப்போதைய ரேடியோ, அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிச் சத்தத்தை அனுப்பியது. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கிறது. ஆகவே ரேடியோவுக்குப் பாட்டு எது, மின்னல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் அலையின் உயரத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். ஒரு நொடிக்கு எத்தனை அலை என்கிற அதிர்வெண்ணை மட்டும் கூட்டியும் குறைத்தும் பாட்டை அனுப்பினார். உயரம் எப்படி மாறினாலும் கவலைப்படாத ரேடியோப் பெட்டியையும் செய்தார். இரைச்சல் ஓடிப்போனது. இதுதான் எஃப்.எம்., நாம் பண்பலை என்கிறோமே, அது. அதற்கான காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்த நாள் எது தெரியுமா? 1933 டிசம்பர் 26. முதல் டிரைவ்-இன் திறந்த அதே வருஷம்!

ஒரே வருஷத்தில் பிறந்த இந்த இரண்டும் ஒன்று சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று பெரும்பாலான டிரைவ்-இன்களில் ஒரு சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. படத்தின் ஒலியை அது ரேடியோ அலையாக அனுப்புகிறது. வாசலில் எண்ணைச் சொல்வார்கள். காரின் ரேடியோவை அந்த எண்ணில் வைத்தால் படத்தின் சத்தம் காருக்குள் கேட்கும். ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகிறது. 100 மீட்டரைக் கடக்க, ஒரு நொடியை 30 லட்சம் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரம் போதும். பக்கத்தில் இன்னொரு திரை இருந்தால் அதற்கு வேறு எண். டிரான்ஸ்மிட்டரின் சக்தி மிகக் குறைவு என்பதால் மைதானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அலை ஓய்ந்துவிடும், ஊரின் வானொலி நிலையங்களுக்குத் தொந்தரவு இல்லை.

காரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாதிரி ஆண்டெனாவை ஒரு நாள் அளந்து பாருங்கள். முக்கால் மீட்டர் பக்கம் இருக்கும். எஃப்.எம். அலைகளின் அதிர்வெண் 100 மெகா ஹெர்ட்ஸ் போல. ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் அலைநீளம் 3 மீட்டர் வருகிறது. அதில் கால் பங்கு முக்கால் மீட்டர். கால் அலை நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும்.

கண்ணாடியில் படியும் மூச்சு

எஃப்.எம். வந்ததால் கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு படம் பார்க்க முடிந்தது. ஏற்றியதும் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் முன் கண்ணாடி மங்கத் தொடங்கும். விரலால் கோடு போடலாம், பெயர் எழுதலாம். அது வெளியிலிருந்து வந்த பனி இல்லை. உள்ளே இருப்பவர்களின் மூச்சு. நுரையீரலிலிருந்து வரும் காற்று வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து வருகிறது. இரவில் குளிர்ந்துபோன கண்ணாடியைத் தொட்டதும் அந்த ஈரம் சின்னச் சின்னத் துளிகளாகப் படிகிறது. கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டபோது மூக்குக்கண்ணாடி மங்கியதே, அதே வேலைதான்.

மறுபடி ஒரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு தடவை மூச்சு விட்டால் அரை லிட்டர் காற்று வெளியே வருகிறது. நிமிஷத்துக்கு 14 தடவை என்றால் 7 லிட்டர். காரில் நான்கு பேர் இருந்தால் 28 லிட்டர். படம் ஒன்றே முக்கால் மணி நேரம், அதாவது 105 நிமிஷம். பெருக்கிப் பாருங்கள்: 2,940 லிட்டர். ஒரு காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றே 3,000 லிட்டர் அளவுதான்! கண்ணாடியை முழுக்க மூடி வைத்தால், படம் முடிவதற்குள் அந்தக் காரின் காற்று முழுவதற்கும் சமமான அளவு அவர்களின் மூச்சாகப் போய் வந்துவிடுகிறது. கார் என்னதான் மூடியிருந்தாலும் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் காற்று மாறும் என்பது வேறு.

காருக்குள் ஒரே வீட்டுக்காரர்கள்தான். வீட்டிலும் அவர்கள் அதே காற்றைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே புது ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் இதே கணக்கை 500 பேர் உட்கார்ந்த, கதவெல்லாம் மூடிய ஒரு ஹாலுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் மூச்சு யாரிடம் போகிறது, உங்களுக்குள் யாருடைய மூச்சு வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெறும் காற்று வந்தால் பரவாயில்லை. மூச்சோடு கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளும் வருகின்றன. பேசினால் அதிகம், சிரித்தால், கத்தினால், பாடினால் இன்னும் அதிகம். பெரிய துளி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளது, ஐந்தாறு நொடியில் தரையில் விழுந்துவிடும். அதற்காகத்தான் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். ஆனால் ஐந்து மைக்ரோமீட்டர் அளவுள்ள துளி, காற்று அசையாத அறையில் நம் முகத்தின் உயரத்திலிருந்து தரைக்கு வர அரை மணி நேரம் எடுக்கும். ஒரு மைக்ரோமீட்டர் துளிக்குப் பாதி நாள் ஆகும்! கொரோனா வைரஸின் அகலம் அந்த ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் துளிக்குள் அது சுலபமாக ஒளிந்துகொள்ளும். பூஜை அறையில் ஏற்றிய ஊதுபத்தியின் வாசனை எப்படிக் கதவு மூடிய வீட்டில் கூடம், அடுக்களை என்று நகர்ந்து சேருகிறதோ, அப்படித்தான் இந்தத் துளிகளும் அறை முழுக்கச் சேரும். அதே ஊதுபத்தியை மொட்டை மாடியில் ஏற்றினால் நாலடி தள்ளி வாசனையே இராது.

வைரஸ் இப்படிக் காற்றில் மிதந்து பரவும் என்பது 2020 தொடக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. பெரிய துளிகளைப் பற்றியும் கை கழுவுவதைப் பற்றியும்தான் அதிகம் பேசினார்கள். மிதக்கும் நுண்துளிகளையும் கவனியுங்கள் என்று லிடியா மொராவ்ஸ்கா என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி விடாமல் சொல்லிவந்தார். அந்த ஜூலையில் அவரும் டொனால்ட் மில்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுத, 239 விஞ்ஞானிகள் அதன் பின்னால் நின்றார்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், காற்றை மாற்றுங்கள் என்பது அதன் சாரம். விஞ்ஞானிகள் இப்படி வாதாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் மக்கள் திறந்த மைதானங்களில் வரிசையாகக் கார்களை நிறுத்திப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வைரஸை அழிக்கும். ராத்திரியில் அந்த உதவி கிடையாது. டிரைவ்-இன்னில் காப்பாற்றியது எல்லையில்லாத வெளிக்காற்றும், கார்களுக்கு நடுவில் விட்ட இடமும்தான்.

அதற்காக அங்கே கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நண்பர்கள் கூட்டமாக ஒரே காரில் ஏறினால் காரே மூடிய அறையாகிவிடும். கழிவறை வரிசையில் நெருங்கி நின்றாலும் ஆபத்துதான். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குளிருகிறது, புழுங்குகிறது என்று நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக இன்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினை நிறுத்தினால் ரேடியோ பேட்டரியைக் குடிக்கும். பேட்டரி பழசாக இருந்தால், படம் முடிந்து சாவியைத் திருப்பும்போது டிக் டிக் என்று மட்டும் கேட்கும். பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். அதனால்தான் பலர் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைத் தனியாக எடுத்துப் போனார்கள்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் 4,000க்கு மேல் டிரைவ்-இன்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு டிவி வந்தது, ஊர் வளர வளர மைதானத்தின் விலை ஏறியது. 2020இல் எஞ்சியிருந்தது 300 சொச்சம்தான். அந்தக் கோடை அவற்றுக்குப் புது உயிர் தந்தது. வால்மார்ட் கம்பெனி தன் கடைகளின் 160 கார் நிறுத்தங்களை ஆகஸ்ட் முதல் தற்காலிக டிரைவ்-இன்களாக மாற்றி இலவசமாகப் படம் காட்டியது. லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் விமான நிலையத்தில் விமானங்கள் பறக்காமல் நின்ற நாள்களில், விமானங்களின் பக்கத்திலேயே திரை கட்டி, கார்களை விமானங்கள் நிறுத்தும் தளத்துக்குள் விட்டார்கள். ஜெர்மனியில் டிரைவ்-இன் மைதானங்களில் பாட்டுக் கச்சேரியே நடந்தது, கைதட்டலுக்குப் பதில் ஹாரன் அடித்தார்கள். ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லை. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுத் திறந்தவெளியில் படம் காட்டியிருந்தாலும் அறிவியல் ஒன்றுதானே!

நம் பக்கத்தில் சென்னைக்காரர்களுக்கு டிரைவ்-இன் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தின் பிரார்த்தனா டிரைவ்-இன்னில் படம் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சத்தம் எப்படிக் கேட்டது, எத்தனை மணிக்குப் படம் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் அறையின் கதவு ஜன்னல்களை மூடி ஊதுபத்தி ஏற்றுங்கள். இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிட்டு வெளியே வந்து, கதவை மூடிவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, வாசனை எப்போது போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே அறையில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மூன்றாம் நாள் எதிரெதிரான இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். மூன்று நாள் நேரத்தையும், அறையின் நீள அகலத்தையும், ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் வகுப்பறையில் எந்த ஜன்னல் எப்போதும் மூடியே கிடக்கிறது என்று பார்த்து, டீச்சரிடம் கேட்டு அதைத் திறந்து வையுங்கள்.